தாராபுரம் வட்டாரச் சுற்றுலா இடங்கள்

தாராபுரம், தமிழ்நாட்டின் திருப்பூர் மாவட்டத்தில் அமராவதி ஆற்றங்கரையில் அமைந்துள்ள ஒரு நகராட்சி ஆகும். நகரிலும் அதைச் சுற்றி ஏறத்தாழ 60 கிலோமீட்டர் தொலைவுக்குள்ளும் ஆற்றங்கரைக் கோவில்கள், குன்றுக் கோவில்கள், அணைகள், முதலைப் பண்ணை, மேய்ச்சல் நிலங்கள், மாட்டுச் சந்தை எனப் பார்ப்பதற்குரிய இடங்கள் பல உள்ளன. பழனிக்குச் செல்லும் வழியில் தேநீர் குடிக்க இறங்கும் ஊராகவே தாராபுரத்தைப் பலர் அறிவர். ஆனால் ஒரு நாளோ இரண்டு நாளோ ஒதுக்கிப் பார்ப்பதற்கு இப்பகுதியில் இடம் உண்டு.

இங்குள்ளவற்றில் பயணிகளுக்கென்று உருவாக்கப்பட்டவை மிகக் குறைவு. மேற்குத் தொடர்ச்சி மலையின் மழை மறைவுப் பகுதி இது. தென்மேற்குப் பருவமழை மலைக்கு அந்தப் பக்கமே பெரும்பாலும் பெய்து தீர்ந்துவிட, இங்கே காற்று மட்டும் வந்து சேர்கிறது. ஐப்பசி, கார்த்திகை மழையை நம்பியே புஞ்சை வெள்ளாமை நடக்கிறது. கிடைக்கும் கொஞ்சத் தண்ணீரைத் தேக்கவும் பங்கிடவும், தண்ணீர் இல்லாத நிலத்தில் பிழைக்கவும் மக்கள் செய்துகொண்ட ஏற்பாடுகளே இன்று காட்சிகளாக நிற்கின்றன. எந்த மாதத்தில் வருகிறோம் என்பதைப் பொறுத்து ஒரே இடம் இரு வேறு இடங்களாகத் தெரிவதற்கும் இதுவே காரணம்.

பெயரும் வரலாறும்

மகாபாரதத்தில் பாண்டவர்கள் மறைந்து வாழ்ந்த விராடபுரம் இதுவே என்பது உள்ளூர் நம்பிக்கை. இந்தியாவில் இப்படிச் சொல்லிக்கொள்ளும் ஊர்கள் இன்னும் சில உண்டு. ஆங்கிலேயர் ஆட்சியின் தொடக்கத்தில் கோயம்புத்தூர்ப் பகுதி இரண்டாகப் பிரிக்கப்பட்டு, வடபகுதி பவானியிலிருந்தும் தென்பகுதி தாராபுரத்திலிருந்தும் ஆளப்பட்டது. 1804-இல் இரண்டும் ஒரே மாவட்டமாக இணைக்கப்பட்டன. பிற்காலத்தில் ஈரோடு மாவட்டத்தில் இருந்த தாராபுரம், 2009-இல் திருப்பூர் மாவட்டம் உருவானபோது அதனுடன் சேர்ந்தது.

நகருக்குள்

காடு அனுமந்தராய சுவாமி கோவிலே நகரில் வெளியூர் மக்கள் அதிகம் தேடி வரும் இடம். மத்துவ மரபைச் சேர்ந்த வியாசராயர் நிறுவியதாகச் சொல்லப்படும் 732 அனுமன் சிலைகளில் இதுவும் ஒன்று என்பது மரபு. கோவை ஆட்சியராக இருந்த வில்லியம் காரோ, தீராத நோய் இங்கு வேண்டிக்கொண்டபின் குணமானதால் 1810-ஆம் ஆண்டில் கருவறையைக் கட்டிக்கொடுத்தார் எனவும் கோவில் வரலாறு கூறுகிறது. பவானி சங்கமேசுவரர் கோவிலுக்குத் தந்தக் கட்டில் அளித்தவரும் இதே காரோதான். இரண்டு கோவில்களும் அன்றைய இரு நிர்வாகத் தலைமையிடங்களில் அமைந்திருப்பது தற்செயலாக இருக்காது என்று தோன்றுகிறது.

அமராவதிக் கரையில் உள்ள அகத்தீசுவரர் கோவிலும், தில்லாபுரி அம்மன் கோவிலும் நகரின் பிற முக்கியக் கோவில்கள். ஆடிப்பெருக்கு அன்று ஆற்றில் தண்ணீர் ஓடினால் கரை முழுவதும் கூட்டம் இருக்கும். தைப்பூசத்துக்கு முந்தைய நாட்களில் ஈரோடு, காங்கேயம் பக்கங்களிலிருந்து காவடியோடு நடந்து வரும் பழனி பக்தர்கள் தாராபுரம் வழியாகவே செல்கின்றனர். அந்த நாட்களில் சாலையோரம் நெடுகிலும் அன்னதானப் பந்தல்களைக் காணலாம்.

அமராவதி ஆற்றின் வழியே

சங்க இலக்கியத்தில் ஆன்பொருநை எனப்படும் அமராவதி, ஆனைமலைக்கும் பழனிமலைக்கும் இடைப்பட்ட மலைப்பகுதியில் தோன்றுகிறது. பாம்பாறு, சின்னாறு, தேனாறு ஆகியவை சேர்ந்து உருவாகும் இந்த ஆறு உடுமலைப்பேட்டை, மடத்துக்குளம், தாராபுரம் வட்டங்களைக் கடந்து, கரூருக்கு அப்பால் திருமுக்கூடலூரில் காவிரியுடன் கலக்கிறது. தாராபுரத்திலிருந்து ஆற்றை எதிர்த்துத் தெற்கே செல்வதே இப்பகுதியின் சிறந்த ஒருநாள் பயணம் எனலாம்.

இந்த வழியில் நிலம் பச்சையாக இருக்கும். காரணம் அணை அன்று. அணைக்குப் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே இருந்த வாய்க்கால்கள். ராமகுளம், கல்லாபுரம், குமரலிங்கம், சர்க்கார் கண்ணாடிப்புத்தூர், சோழமாதேவி, கணியூர், கடத்தூர், காரத்தொழுவு ஆகிய எட்டும் இன்றும் பழைய ஆயக்கட்டு ராஜவாய்க்கால்கள் என்றே அழைக்கப்படுகின்றன. ஆற்றின் குறுக்கே கல்லணைக்கட்டு போட்டுத் தண்ணீரைத் திருப்பி, நெல்லும் கரும்பும் தென்னையும் விளைவித்த ஊர்கள் இவை. கோவில்களும் இவ்வூர்களிலேயே உள்ளன. கடத்தூர் அர்ச்சுனேசுவரர் கோவில் ஆற்றங்கரையிலேயே அமைந்தது. கொங்குச் சோழர் காலக் கல்வெட்டுகளைக் கொண்டது. கொழுமத்தில் தாண்டவேசுவரர் கோவிலும் கல்யாண வரதராசப் பெருமாள் கோவிலும் உள்ளன. சோழமாதேவி என்ற ஊர்ப்பெயரே ஒரு கல்வெட்டுப் போலத்தான். விழா நாட்கள் தவிர மற்ற நாட்களில் இக்கோவில்களில் கூட்டம் இராது. நடை சாத்தும் நேரத்தைக் கேட்டுக்கொண்டு காலையிலேயே செல்வது நல்லது.

அமராவதி அணை, உடுமலைப்பேட்டைக்குத் தெற்கே அமராவதி நகரில் 1957-இல் கட்டி முடிக்கப்பட்டது. நீர்த்தேக்க உயரம் 90 அடி. கொள்ளளவு ஏறத்தாழ 4 டி.எம்.சி. திருப்பூர், கரூர் மாவட்டங்களின் பாசனமும் குடிநீரும் இதைச் சார்ந்துள்ளன. பழைய வாய்க்கால்களுக்கு ஆற்றின் வழியாகவும், புதிய ஆயக்கட்டுக்குப் பிரதானக் கால்வாய் வழியாகவும் தண்ணீர் விடப்படுகிறது. யாருக்கு எப்போது எத்தனை நாள் என்பது ஒவ்வோர் ஆண்டும் பேச்சுவார்த்தைக்கும் சில ஆண்டுகளில் போராட்டத்துக்கும் உரிய விஷயம். படகு இல்லத்தில் நின்று நீர்மட்டத்தைப் பார்க்கும் பயணிக்கு அது வெறும் காட்சி. கரூர் வரை உள்ள விவசாயி அதே மட்டத்தைச் செய்தித்தாளில் அடிக்கணக்கில் படித்துக்கொண்டிருக்கிறார்.

அணைக்கு அருகில் வனத்துறையின் அமராவதி முதலைப் பண்ணை உள்ளது. தென்னிந்தியாவில் சதுப்புநில முதலைகள் காட்டு நிலையில் அதிகமாக வாழும் இடங்களில் இந்த நீர்த்தேக்கமும் அதற்கு வரும் ஆறுகளும் குறிப்பிடத்தக்கவை. தோலுக்காக வேட்டையாடப்பட்டு முதலைகள் அருகிப்போன 1970-களில், கரைகளில் கிடைத்த முட்டைகளைச் சேகரித்துப் பொரிக்க வைத்து வளர்க்கும் பணி இங்கு தொடங்கியது. வளர்ந்த முதலைகள் பல மீண்டும் காட்டு நீர்நிலைகளில் விடப்பட்டன. பண்ணையில் முதலைகள் வாயைத் திறந்தபடி அசையாமல் கிடப்பதைச் சிறுவர்கள் பொம்மை என்று நினைப்பதுண்டு. உடல் சூட்டைத் தணிக்க அவை கையாளும் முறை அது. கல்லெறிந்து எழுப்பிப் பார்க்கும் வழக்கத்தைப் பெரியவர்கள்தாம் நிறுத்த வேண்டும். நீர்த்தேக்கத்திலும் முதலைகள் இருப்பதால் கரையில் இறங்கிக் குளிப்பது ஆபத்து. அணைக்கு அப்பால் ஆனைமலைப் புலிகள் காப்பகம் தொடங்குவதால் அனுமதியின்றிக் காட்டுக்குள் செல்ல முடியாது.

உடுமலைப்பேட்டைப் பக்கமுள்ள திருமூர்த்தி மலையையும் இதே பயணத்தில் சேர்த்துக்கொள்ளலாம். அமணலிங்கேசுவரர் கோவில், பஞ்சலிங்க அருவி, திருமூர்த்தி அணை ஆகியவை அங்குள்ளன. மலைமேல் மழை பெய்தால் கோவிலை ஒட்டிய ஓடையில் திடீர் வெள்ளம் வரும். அருவிக்குச் செல்லத் தடை விதித்திருந்தால் அதை மீறக் கூடாது.

வறண்ட அணைகள்

தாராபுரத்துக்கு அருகிலேயே உப்பாறு அணை, நல்லதங்காள் ஓடை அணை ஆகியவையும், வெள்ளக்கோவில் பக்கம் வட்டமலைக்கரை ஓடை அணையும் உள்ளன. வரைபடத்தில் நீல நிறத்தைப் பார்த்துவிட்டு இங்கு வருபவர்கள் சில ஆண்டுகளில் சீமைக்கருவேலம் முளைத்த தரையைத்தான் காண்பார்கள். இவை பெரும்பாலும் மழையோடும், பரம்பிக்குளம்-ஆழியாறு திட்டத்தின் உபரி நீரோடும் பிணைந்தவை. உப்பாறு அணைக்குத் தண்ணீர் திறக்கக் கோரி விவசாயிகள் பலமுறை போராடியுள்ளனர். அணையில் நிற்கும் தண்ணீர் நேரடியாக வாய்க்காலில் ஓடாவிட்டாலும், சுற்றியுள்ள கிணறுகளில் ஊற்று ஏறும் என்பதே அவர்கள் வாதம். நிரம்பிய ஆண்டில் நீர்ப்பறவைகளைப் பார்க்க விரும்புவோர்க்கு மார்கழி, தை மாத விடியற்காலை ஏற்றது.

காற்றும் கொறங்காடும்

பாலக்காட்டுக் கணவாய் வழியாக வரும் காற்று வைகாசி முதல் புரட்டாசி வரை இப்பகுதியில் பலமாக வீசுகிறது. ஆடிக்காற்றில் அம்மியும் பறக்கும் என்ற பழமொழியைத் தாராபுரம், உடுமலைப்பேட்டை, பல்லடம் சாலைகளில் நின்றால் நம்பலாம். சாலையின் இருபுறமும் நிற்கும் காற்றாலைகள் அக்காற்றை நம்பி வந்தவை.

காற்றாலைகளுக்கு அடியில் இருப்பதே இப்பகுதியின் தனிச்சிறப்பு என்பது பலருக்குத் தெரியாது. கொறங்காடு எனப்படும் தனியார் மேய்ச்சல் நிலம், தாராபுரம், காங்கேயம், மூலனூர் தொடங்கிக் கரூர்ப் பக்கம் வரை பரவியுள்ளது. கிளுவை முள்வேலி சூழ்ந்த நிலத்தில் கொழுக்கட்டைப் புல் வளரும். இடையிடையே வெள்வேல மரங்கள் நிற்கும். ஒரு பட்டியில் புல் தீர்ந்ததும் படலைத் திறந்து மாடுகளை அடுத்த பட்டிக்கு மாற்றுவார்கள். மேய்ப்பவர் உடன் இருக்கத் தேவையில்லை. மாட்டின் சாணமே உரம். மழை இல்லாத ஆண்டிலும் வெள்வேலங்காய் தீவனமாகும். காங்கேயம் மாடுகள் இந்த நிலத்தில் உருவானவை. கன்று பிறக்கும்போது செந்நிறமாக இருந்து, சில மாதங்களில் சாம்பல் நிறத்துக்கு மாறும். ஏர் உழவும் கவலை இறைப்பும் போனபின் காளைகளின் தேவை குறைந்தது. வேலி பிடுங்கப்பட்டு வீட்டுமனையாகவும் சூரிய மின்தகடுகள் நிறுத்தும் இடமாகவும் மாறும் கொறங்காடுகளை இன்று எளிதாகக் காணலாம். காங்கேயத்துக்கு அருகே குட்டப்பாளையத்தில் சேனாபதி காங்கேயம் கால்நடை ஆராய்ச்சி மையம் இந்த இனத்தையும் நிலத்தையும் காக்கும் பணியில் ஈடுபட்டுள்ளது. கொறங்காட்டைச் சாலையில் நின்று வேலிக்கு வெளியே பார்ப்பதே முறை. உள்ளே செல்ல உடையவரிடம் கேட்க வேண்டும்.

காங்கேயம் சாலையில் உள்ள குன்றுகள்

தாராபுரத்திலிருந்து காங்கேயம் செல்லும் வழியில் ஊதியூர் மலை உள்ளது. கொங்கணச் சித்தர் இங்கு ஊதிப் பொன் செய்தார் என்ற கதையால் பொன்னூதி மலை எனவும் பெயர். மலைமேல் உத்தண்ட வேலாயுத சுவாமி கோவில் உள்ளது. மேலேயிருந்து பார்த்தால், சமவெளி முழுவதும் கட்டம் கட்டமாக வேலியிட்ட கொறங்காட்டின் அமைப்பு நன்கு தெரியும். காங்கேயத்துக்கு அப்பால் சிவன்மலை முருகன் கோவிலில் உள்ள ஆண்டவன் உத்தரவுப் பெட்டி புகழ்பெற்றது. பக்தர் ஒருவர் கனவில் வந்த பொருளை, சுவாமி முன் பூப்போட்டு உத்தரவு கேட்டபின் கண்ணாடிப் பெட்டியில் வைப்பர். அடுத்த உத்தரவு வரும் வரை அது அங்கேயே இருக்கும். காங்கேயத்தைச் சுற்றிய உலர்களங்களில் வெள்ளை வெளேரென்று காயும் தேங்காய்ப் பருப்பும் பார்க்கத் தக்கதே. பல்லடம் சாலையில் குண்டடத்தில் கொங்கு வடுகநாதர் கோவில் உள்ளது.

செல்லும் வழியும் காலமும்

தாராபுரத்தில் தொடர்வண்டி நிலையம் இல்லை. ஈரோட்டிலிருந்து பழனிக்குத் தாராபுரம் வழியாகப் பாதை அமைக்கும் திட்டம் நெடுநாளாகப் பேச்சில் உள்ளது. திருப்பூர், ஈரோடு, உடுமலைப்பேட்டை, பழனி நிலையங்களில் இறங்கிப் பேருந்தில் வரலாம். பழனி சுமார் 35 கிலோமீட்டர், திருப்பூர் சுமார் 50 கிலோமீட்டர். முக்கிய ஊர்களுக்குப் பேருந்துகள் அடிக்கடி உண்டு; ஆற்றங்கரைக் கோவில்களுக்கும் அணைகளுக்கும் சொந்த வண்டி வசதியானது.

பசுமையும் தண்ணீரும் காண ஐப்பசி முதல் மாசி வரை ஏற்றது. பங்குனி, சித்திரையில் வெயில் கடுமை என்றாலும், வெள்ளக்கோவில் பக்கமுள்ள கண்ணபுரத்தில் மாரியம்மன் விழாவை ஒட்டி நடக்கும் காங்கேயம் மாட்டுச் சந்தை சித்திரையில்தான் கூடும். சந்தையில் தரகரும் வாங்குபவரும் துண்டுக்கு அடியில் விரலைப் பிடித்து விலை பேசும் பழைய முறையைக் காண விரும்புவோர் விடியும் முன்பே அங்கு சென்றுவிடுவது நல்லது.