ஹெர்னியா ஆபரேஷன்: ஆஸ்பத்திரி பில் ஓகே, அடுத்த 6 வாரத்துக்குப் பணம் இருக்கா?



லேப்ராஸ்கோப்பி முறையில ஹெர்னியா ஆபரேஷன் பண்ணிக்கிற பலபேர் அன்னைக்கே, இல்லன்னா மறுநாளே வீட்டுக்கு வந்துடறாங்க. அதனால ஆஸ்பத்திரி பில்லுக்கு மட்டும் பணம் ஒதுக்கிட்டு, வீட்ல ஓய்வுல இருக்கிற நாட்களுக்குக் கணக்குப் போடாம விட்டுடறோம். மூணாவது வாரம் கையில காசு தீர்ந்ததும், வலி கொஞ்சம் குறைஞ்சிருக்கேன்னு வேலைக்குக் கிளம்பிடறோம். இங்கதான் சிக்கல். அதனால உடம்புக் கணக்கையும் பணக் கணக்கையும் சேர்த்தே பார்த்துடலாம்.

உடம்புக்கு எவ்வளவு நாள் தேவை?

வயித்துச் சுவர்ல பலவீனமான ஒரு இடம் வழியா குடலோ கொழுப்போ வெளியே துருத்திக்கிட்டு வர்றதுதான் ஹெர்னியா, அதாவது குடலிறக்கம். லேப்ராஸ்கோப்பியில சின்னச் சின்னத் துளை போட்டு, உள்ளே 'மெஷ்'னு சொல்ற வலையை வச்சு அந்த இடத்தைப் பலப்படுத்துவாங்க. வெளியே இருக்கிற காயம் சீக்கிரம் ஆறிடும். ஆனா உள்ளே வலையோட சதை நல்லாப் பிடிச்சுக்க வாரக்கணக்குல ஆகும்.

பொதுவா டாக்டர்கள் சொல்றது இதுதான்:

• முதல் சில நாள்: வலி, லேசான வீக்கம் இருக்கும். வயித்துக்குள்ள செலுத்தின வாயுவால தோள்பட்டை வலிக்கலாம், அது தானா சரியாகிடும். படுத்தே கிடக்காம வீட்டுக்குள்ள மெதுவா நடக்கணும்.
• 1 முதல் 2 வாரம்: லேசான வேலைகள் செய்யலாம். உட்கார்ந்து பார்க்கிற ஆபீஸ் வேலைன்னா பலபேர் இந்தக் கட்டத்துல திரும்பிடறாங்க.
• 4 முதல் 6 வாரம் வரை: கனமான எதையும் தூக்கக் கூடாது. 20 லிட்டர் தண்ணி கேன்கூட 20 கிலோ எடை. கேஸ் சிலிண்டர், அரிசி மூட்டை பக்கமே போகாதீங்க.

மலச்சிக்கல் வந்தா முக்க வேண்டியிருக்கும், அது தையல் போட்ட இடத்தை அழுத்தும். தண்ணி, பழம், கீரை நிறைய எடுத்துக்கோங்க. உங்களுக்கான தேதியை உங்க சர்ஜன்தான் சொல்லணும்.

காய்ச்சல், விடாத வாந்தி, கூடிக்கிட்டே போற வலி, காயத்துல சீழ், சிறுநீர் போக முடியாத நிலை: இதுல எது வந்தாலும் செலவைப் பத்தி யோசிக்காம உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்க.

இப்போ பணக் கணக்கு

மூட்டை தூக்குற ஒருத்தருக்கு நாள் கூலி 900 ரூபாய்னு வச்சுக்குவோம். வாரத்துக்கு 6 நாள் வேலை. 6 வாரத்துல 36 நாள். 36 x 900 = 32,400 ரூபாய். ஆபரேஷன் இலவசமாவே நடந்திருந்தாலும் இந்த வருமானம் நின்னுடும். வீட்டு வாடகையும் ஸ்கூல் ஃபீஸும் நிக்காது. ஆபரேஷன் தேதி குறிக்கிறப்பவே இந்தத் தொகையைத் தனியா எடுத்து வைக்கணும். சம்பளத்தோட லீவு இருக்கிறவங்க எத்தனை நாள் பாக்கி இருக்குன்னு முன்னாடியே பாருங்க.

எங்கிருந்து பணம் வரும்?

1. இ.எஸ்.ஐ: உங்க மாதச் சம்பளம் 21,000 ரூபாய்க்குள்ள இருந்து இ.எஸ்.ஐ பிடிச்சாங்கன்னா, சிகிச்சை மட்டும் இல்ல, சிக்னஸ் பெனிஃபிட்டும் உண்டு. சம்பளத்துல 70 சதவீதம், வருஷத்துக்கு அதிகபட்சம் 91 நாள் வரை கிடைக்கும். அதுக்கு உரிய 6 மாச காலத்துல குறைஞ்சது 78 நாள் பங்களிப்பு இருக்கணும். இ.எஸ்.ஐ டாக்டர் சர்டிஃபிகேட் இல்லாம இந்தப் பணம் வராது, அதனால முதல் நாளே கேட்டு வாங்குங்க.

2. முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம்: குடும்ப ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள்ள இருக்கிற தமிழ்நாட்டுக் குடும்பங்களுக்கு வருஷத்துக்கு 5 லட்சம் வரை கவரேஜ். அட்மிட் ஆகிறதுக்கு முன்னாடியே கார்டை எடுத்துக்கிட்டுப் போய், உங்க ஆபரேஷன் அந்த ஆஸ்பத்திரியில இதுல வருமான்னு கேளுங்க. ஆனா இது சிகிச்சைச் செலவுக்குத்தான், விட்டுப்போன கூலிக்கு இல்ல.

3. ஹெல்த் இன்ஷூரன்ஸ்: டிஸ்சார்ஜ் அன்னைக்கு கேஷ்லெஸ் முடிஞ்சதும் கிளெய்மும் முடிஞ்சதுன்னு நினைச்சுடாதீங்க. ஆரோக்ய சஞ்சீவனி பாலிசியை எடுத்துக்கிட்டா, அட்மிட் ஆகிறதுக்கு முன்னாடி 30 நாள், டிஸ்சார்ஜுக்குப் பிறகு 60 நாள் வரை அந்த நோய் சம்பந்தப்பட்ட செலவுகளையும் கேட்கலாம். முதல்ல எடுத்த ஸ்கேன், ஆபரேஷனுக்குப் பிறகு டாக்டர் ஃபீஸ், மருந்து எல்லாம் இதுல வரும். அட்மிட் ஆகிறதுக்கு முன்னாடி ஆன செலவுக்கு டிஸ்சார்ஜ் ஆகி 30 நாளுக்குள்ளயும், டிஸ்சார்ஜுக்குப் பிறகு ஆன செலவுக்கு அந்தச் சிகிச்சை முடிஞ்சு 15 நாளுக்குள்ளயும் பேப்பரைக் கொடுக்கணும். மத்த பாலிசிகள்ல நாள் கணக்கு மாறும், உங்க பாலிசியைப் பாருங்க.

ஒரு ஃபைல்ல இதையெல்லாம் போட்டு வைங்க: டிஸ்சார்ஜ் சம்மரி, ஒவ்வொரு மருந்துச் சீட்டும் அதுக்கான பில்லும், ஸ்கேன் ரிப்போர்ட், மெஷ்ஷோட பில்லும் ஸ்டிக்கரும். ஸ்டிக்கரை ஆஸ்பத்திரியில கேட்டாத்தான் சில நேரம் தருவாங்க.

பாலிசி புதுசா எடுத்திருக்கீங்களா?

தனிநபர் பாலிசிகள் பலதுல ஹெர்னியாவுக்கு 24 மாச வெயிட்டிங் பீரியட் இருக்கு. ஆபீஸ் குரூப் பாலிசிகள்ல பெரும்பாலும் இது இருக்காது, எச்.ஆர் கிட்ட கேளுங்க. வெயிட்டிங் பீரியட் முடியட்டும்னு நீங்களா ஆபரேஷனைத் தள்ளிப் போடாதீங்க. தள்ளலாமா, கூடாதான்னு முடிவு பண்ண வேண்டியது சர்ஜன். உள்ளே தள்ள முடியாம கட்டி இறுகிப் போய், கடுமையான வலியும் வாந்தியும் வந்தா அது எமர்ஜென்சி. குடலுக்கு ரத்த ஓட்டம் நின்னுடலாம், உயிருக்கே ஆபத்து.

அதனால ஆபரேஷனுக்குத் தேதி வாங்குறப்ப டாக்டர்கிட்ட ரெண்டு கேள்வி கேளுங்க: "மொத்தம் எவ்வளவு ஆகும்?", "என் வேலைக்கு நான் எப்போ திரும்பலாம்?" ரெண்டாவது கேள்விக்கு வர்ற பதில்ல இருந்து உங்க வீட்டு பட்ஜெட்டைப் போடுங்க.

உங்க பாலிசியில ஏதாவது புரியலைன்னா கமெண்ட்ல கேளுங்க. ஆபரேஷனுக்குத் தேதி குறிச்சிருக்கிற யாராவது உங்களுக்குத் தெரிஞ்சவங்க இருந்தா, இதை இன்னைக்கே அனுப்பி வைங்க.