வெடிக்கும் கார்கள்

ராலி கார் பந்தயத்தைத் தொலைக்காட்சியில் பார்த்திருக்கிறீர்களா? வளைவில் திரும்பும்போது அந்தக் கார்கள் படபடவென்று வெடிக்கும். சைலன்சர் குழாயிலிருந்து தீயும் பறக்கும். எஞ்சின் கெட்டுப்போய்விட்டதோ என்று தோன்றும். இல்லவே இல்லை, வேண்டுமென்றேதான் அப்படிச் செய்கிறார்கள்!

டர்போ பொருத்திய காரில், எஞ்சின் வெளியேற்றும் சூடான புகை ஒரு சின்னச் சக்கரத்தைச் சுழற்றும். அந்தச் சுழற்சி எஞ்சினுக்குள் கூடுதல் காற்றைத் தள்ளும். ஓட்டுநர் ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்தால் புகை குறையும். சக்கரமும் வேகம் இழக்கும். மறுபடி மிதித்தால், வேகம் பிடிக்கக் கொஞ்சம் தாமதமாகும். பந்தயத்தில் அந்தத் தாமதமே வெற்றியைப் பறித்துவிடும்.

இதற்கு வழிதான் ஆன்டி-லேக் என்னும் தாமதத் தடுப்பு ஏற்பாடு. கால் எடுத்த செய்தியை, ஒரு சென்சார் கம்பி வழியே எஞ்சினின் கணினிக்குச் சொல்லும். உடனே கணினி, பிளக்கில் வரும் தீப்பொறியைத் தாமதப்படுத்தும். காற்றும் பெட்ரோலும் மட்டும் உள்ளே போய்க்கொண்டிருக்கும். அந்தப் பெட்ரோல் புகைக்குழாயில் போய் எரிந்து, டர்போவை ஓயாமல் சுழல வைக்கும். அப்படி எரியும்போது வருவதுதான் நாம் கேட்கும் வெடிச்சத்தம். 1990-களில் உலக ராலிப் பந்தயங்களில் ஓடிய சுபாரு இம்ப்ரெசா, மிட்சுபிஷி லான்சர் கார்கள் இந்தச் சத்தத்துக்கே பேர்போனவை.

ஆனால் ஒன்று. அந்தக் கடும் வெப்பத்தில் டர்போ சீக்கிரமே பழுதாகிவிடும். அதனால் பந்தயத்துக்கு இது சரி. நாம் தினமும் ஓட்டும் காருக்கு வேண்டவே வேண்டாம்!