பூட்டு போட்ட பாட்டு

வீட்டில் கடைசியாக எப்போது ஒரு சிடியைப் போட்டுப் பாட்டுக் கேட்டீர்கள்? யோசிக்க வேண்டியிருக்கிறதா? உங்களுக்கு மட்டுமல்ல, பலருக்கும் அப்படித்தான். புதுக் காரில் சிடி போட இடமில்லை. மடிக்கணினியில் அந்தத் தட்டு எப்போதோ காணாமல் போய்விட்டது. பிள்ளைகளைப் பொறுத்தவரை பாட்டு என்பது கைப்பேசிக்குள் இருக்கும் ஒன்று.

சிடியின் நிலைமையே இப்படி என்றால், "சிடியைவிடப் பல மடங்கு தரம்" என்று சொல்லிக்கொண்டு வந்த வட்டுகளின் கதி என்ன? அப்படிச் சில வட்டுகள் வந்தன, இன்றும் வெளிவந்துகொண்டிருக்கின்றன என்பதே நம்மில் பலருக்குத் தெரியாது. தெரியாமல் போனதற்கான காரணம் சுவாரசியமானது. அதில் நம் வீட்டு அலமாரிக்கும் ஒரு பாடம் இருக்கிறது.

சிடிக்கு வந்த இரண்டு வாரிசுகள்

1982 அக்டோபர் 1ஆம் தேதி முதல் சிடி பிளேயர் ஜப்பானில் விற்பனைக்கு வந்தது. ஜப்பானின் சோனியும் நெதர்லாந்தின் பிலிப்ஸும் சேர்ந்து உருவாக்கிய 12 சென்டிமீட்டர் வட்டு அது. ஒலியை வினாடிக்கு 44,100 முறை அளந்து, ஒவ்வோர் அளவையும் 16 பிட் எண்ணாக எழுதி வைப்பதுதான் சிடியின் வேலை. மனிதக் காதின் எல்லை ஏறக்குறைய 20,000 ஹெர்ட்ஸ். அதற்கு இந்தக் கணக்கு போதும் என்று பொறியாளர்கள் முடிவு செய்தார்கள்.

1999ஆம் ஆண்டு அதே இரு நிறுவனங்களும் சூப்பர் ஆடியோ சிடியை, சுருக்கமாக எஸ்ஏசிடியை, கொண்டுவந்தன. இது ஒலியை ஒற்றை பிட்டாக வினாடிக்கு 2.8 மில்லியனுக்கும் மேற்பட்ட முறை பதிவு செய்யும். மறுபக்கம் தோஷிபா, மட்சுஷிதா போன்ற நிறுவனங்கள் ஆதரித்த டிவிடி-ஆடியோ 2000இல் கடைக்கு வந்தது. அது 24 பிட்டில், ஸ்டீரியோ என்றால் வினாடிக்கு 192,000 முறை வரை அளக்கும். இரண்டுமே ஒலியை நம்மைச் சுற்றிலும் பரப்பும் 5.1 வசதியையும் தந்தன.

இதை வாசிக்கும் பிளேயரில் அது ஓடாது, அதை வாசிப்பதில் இது ஓடாது. எதை வாங்குவது என்று தெரியாமல் வாடிக்கையாளர்கள் ஒதுங்கி நின்றார்கள். விஎச்எஸ், பீட்டாமேக்ஸ் சண்டையைப் பார்த்த தலைமுறைக்கு இது புதிதல்ல.

வென்றது மூன்றாமவர்

எஸ்ஏசிடி பிறந்த அதே 1999இல்தான் நாப்ஸ்டரும் பிறந்தது. 2001இல் ஐபாட் வந்தது. 2003இல் பிங்க் ஃபிளாய்டின் 'தி டார்க் சைட் ஆஃப் தி மூன்' 30ஆம் ஆண்டு எஸ்ஏசிடியாகவும், பாப் டிலனின் 15 ஆல்பங்கள் ஒரே மூச்சில் எஸ்ஏசிடியாகவும் வெளிவந்தன. ஆப்பிள் தன் ஐட்யூன்ஸ் கடையைத் திறந்ததும் அதே ஆண்டுதான்.

மக்கள் எதைத் தேர்ந்தெடுத்தார்கள் என்பது நமக்குத் தெரியும். தரம் குறைந்தாலும் ஆயிரம் பாட்டு சட்டைப்பையில் இருந்தால் போதும் என்றார்கள். டிவிடி-ஆடியோவைப் பத்தாண்டு முடிவதற்குள்ளாகவே பெரிய நிறுவனங்கள் ஏறக்குறைய கைவிட்டன.

மக்கள் மட்டுமா காரணம்? சிடியில் பூட்டு இல்லை. கணினியில் போட்டால் அப்படியே நகலெடுக்கலாம். அதைக் கண்டு பயந்த நிறுவனங்கள் புதிய வட்டுகளைப் பலமாகப் பூட்டின. எஸ்ஏசிடியின் உயர்தர அடுக்கைக் கணினியால் வாசிக்க முடியாது. தொடக்க காலப் பிளேயர்களில் அந்த ஒலியை டிஜிட்டலாக வெளியே எடுக்கவும் வழியில்லை. 5.1 கேட்க வேண்டுமென்றால் பிளேயரிலிருந்து ஆம்ப்ளிஃபயருக்கு ஆறு வயர் இழுக்க வேண்டும். டிவிடி படங்களின் பூட்டு 1999 இறுதியில் உடைக்கப்பட்டதால், டிவிடி-ஆடியோவுக்கு இன்னும் வலுவான பூட்டு தேடி அதன் வெளியீட்டையே தள்ளிப்போட்டார்கள்.

காசு கொடுத்து வாங்கியவர் தன் பாட்டைத் தான் விரும்பிய இடத்தில் கேட்க முடியாமல் போனார். திருடனுக்குப் போட்ட பூட்டு வீட்டுக்காரரை வெளியே நிறுத்தியது.

காதுக்கு வித்தியாசம் தெரியுமா?

ஹை-ஃபை பிரியர்கள் இருவர் சந்தித்தால் மணிக்கணக்கில் ஓடும் விவாதம் இது. அமெரிக்காவில் மேயர், மோரான் என்ற இருவர் 2007இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். உயர்தர வட்டின் ஒலியை நேரடியாக ஒரு முறை, சிடி தரத்துக்குக் குறைத்து ஒரு முறை என்று எது எதுவெனச் சொல்லாமல் கேட்கவைத்தார்கள். 554 முயற்சிகளில் 276 முறை சரியான பதில் வந்தது. காசைச் சுண்டிவிட்டுச் சொல்லியிருந்தாலும் ஏறக்குறைய அவ்வளவுதான் வந்திருக்கும்.

2016இல் லண்டன் குவீன் மேரி பல்கலைக்கழகத்தின் ஜோஷுவா ரைஸ், இத்தகைய 18 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தார். சரியான பதில் 52.3 விழுக்காடு. பயிற்சி பெற்ற காதுகளுக்கு அதைவிடக் கூடுதல். வித்தியாசம் இருக்கிறது, ஆனால் மிக மெல்லியது.

இங்கேதான் ஒரு திருப்பம். அந்த 2007 ஆய்வாளர்களே ஒன்றை ஒப்புக்கொண்டார்கள்: உயர்தர வட்டுகள் பல, சாதாரண சிடிகளைவிட நன்றாகவே ஒலித்தன. ஆனால் அதற்குக் காரணம் பிட் கணக்கு அல்ல, தயாரிப்பில் காட்டிய அக்கறை.

வானொலியில் வேலை பார்ப்பவர்களுக்கு இது உடனே புரியும். நாங்கள் ஒலியை அழுத்தித்தான் காற்றில் அனுப்புகிறோம். மெல்லிய இடத்தைத் தூக்கி, உரத்த இடத்தை அடக்கி, எல்லாவற்றையும் ஏறக்குறைய ஒரே மட்டத்துக்குக் கொண்டுவருவோம். நெடுஞ்சாலை இரைச்சலில் காரோட்டிக்கொண்டே கேட்பவருக்கு அது உதவும். ஆனால் ஆல்பம் தயாரிப்பவர்களும், பாட்டை இறுதியாகச் செதுக்கும் மாஸ்டரிங் கட்டத்தில் அதையே அளவுக்கு மீறிச் செய்யத் தொடங்கினார்கள். மெட்டாலிக்காவின் 2008 ஆல்பமான 'டெத் மேக்னட்டிக்' சிடியில் அப்படி நசுங்கிக் கிடந்தது. அதே பாடல்கள் 'கிட்டார் ஹீரோ' விளையாட்டில் அதைவிடத் தெளிவாக ஒலிப்பதாக ரசிகர்களே கண்டுபிடித்துப் புகார் செய்தார்கள்.

எஸ்ஏசிடி வாங்குபவர் அமைதியான அறையில் உட்கார்ந்து கேட்பவர். அவருக்காகச் செய்யும்போது பொறியாளரின் கை நிதானமாக இருந்தது. அந்த நிதானத்துக்குத்தான் பெரும்பாலும் நாம் காசு கொடுத்தோம்.

இதற்கு நல்ல உதாரணம், இலங்கையில் பிறந்த கவிச்சந்திரன் அலெக்சாண்டர். அமெரிக்காவில் வாட்டர்லிலி அக்கூஸ்டிக்ஸ் என்ற சிறிய நிறுவனத்தைத் தொடங்கி, தேவாலயம் ஒன்றில் விஷ்வ மோகன் பட்டையும் ரை கூடரையும் உட்காரவைத்து, வால்வு கருவிகளைக் கொண்டு மிக எளிய மைக் அமைப்பில் பதிவு செய்தார். 1993இல் வெளிவந்த அந்த 'எ மீட்டிங் பை தி ரிவர்' கிராமி விருது பெற்றது. பின்னர் எஸ்ஏசிடியாகவும் வந்தது. சாதாரண சிடியில் கேட்டாலும் மோகன வீணையின் தந்தி பக்கத்தில் அதிர்வது போலிருக்கும்.

இன்று யார் கையில்?

எஸ்ஏசிடி இன்னும் சாகவில்லை. ஜப்பானில் டவர் ரெக்கார்ட்ஸ் பழைய மேற்கத்திய செவ்வியல் பதிவுகளை எஸ்ஏசிடியாகத் தொடர்ந்து மறுவெளியீடு செய்து வந்திருக்கிறது. மராண்ட்ஸ், டெனான், எசோடெரிக் போன்ற நிறுவனங்கள் பிளேயர்கள் செய்கின்றன. சுற்றொலி விரும்புபவர்களுக்காகப் பழைய ஆல்பங்கள் ப்ளூ-ரே ஆடியோவாகவும் வருகின்றன. சிங்கப்பூரில் ஹை-ஃபை கடைகளுக்குப் பெயர்போன அடெல்ஃபி கட்டடப் பக்கம் போனால் இதைப் பற்றிப் பேச ஆள் கிடைக்கும்.

ஆனால் வட்டம் சுருங்குகிறது. எல்லா வகை வட்டையும் வாசிக்கும் பிளேயர்களுக்குப் பெயர்பெற்ற ஓப்போ டிஜிட்டல் 2018இல் தயாரிப்பை நிறுத்தியது. முதலில் வந்த பிளேஸ்டேஷன் 3 எஸ்ஏசிடியை வாசித்தது; பின்னர் வந்த மாடல்களில் அந்த வசதி போய்விட்டது. வீட்டில் பதிவு செய்யும் ப்ளூ-ரே வட்டுகளின் உற்பத்தியை சோனி 2025 பிப்ரவரியில் முடித்துக்கொண்டது. எஸ்ஏசிடி வெளியீட்டில் பெயர்பெற்ற சுவீடனின் பிஸ் நிறுவனத்தை 2023இல் ஆப்பிள் வாங்கிவிட்டது.

தரம் என்பது வட்டின் தனியுரிமையாகவும் இப்போது இல்லை. ஆப்பிள் மியூசிக் 2021இல் கூடுதல் கட்டணமின்றி இழப்பில்லாத ஒலியைத் தந்தது. ஸ்போட்டிஃபை 2025 செப்டம்பரில் அதைத் தொடங்கியது. இருபது ஆண்டுக்கு முன் ஆறு வயர் இழுத்துக் கேட்ட தரம், இன்று மாதச் சந்தாவில் கிடைக்கிறது.

அப்படியானால் கவலை எதற்கு? பிளேயரின் லேசர் கண்ணுக்கு ஆயுள் உண்டு. உதிரிப்பாகம் கிடைக்காத நாள் வந்தால், எஸ்ஏசிடியின் உயர்தர அடுக்கு வாய் பேசாது. பெரும்பாலான எஸ்ஏசிடிகளில் கூடவே இருக்கும் சாதாரண சிடி அடுக்குதான் அப்போதும் பாடும். தரம் குறைந்தது என்று ஒதுக்கப்பட்ட சிடி, பூட்டு இல்லாததால் பிழைத்துக்கொள்கிறது.

ஸ்ட்ரீமிங்கும் வாடகை வீடுதான். உரிமை ஒப்பந்தம் முடிந்தால் பாட்டு ஒரே இரவில் பட்டியலிலிருந்து மறையலாம். மைஸ்பேஸ் தளத்தில் 2015 வரை பதிவேற்றப்பட்ட பாடல்கள் சர்வர் மாற்றத்தின்போது அழிந்துபோனது 2019இல் தெரியவந்தது. சொந்த நகல் வைத்திருந்தவர்களின் பாட்டு மிஞ்சியது.

நம் அலமாரியில் இருப்பது

தமிழ்த் திரையிசை இந்த உயர்தர வட்டுகளின் பக்கம் பெரிதாகப் போகவில்லை. கேசட்டிலிருந்து சிடிக்கும், அங்கிருந்து எம்பி3க்கும் நாம் நேராகத் தாவிவிட்டோம். அதனால் நமக்கு இழப்பில்லை என்று நினைத்துவிட வேண்டாம்.

நம் உள்ளூர்க் கலைஞர்கள் சொந்தக் காசைப் போட்டு வெளியிட்ட கேசட்டுகளும் சிடிகளும் எத்தனை! அவை எல்லாமே ஸ்ட்ரீமிங்கில் ஏறிவிடவில்லை. நேயர் ஒருவர் பழைய உள்ளூர்ப் பாட்டைக் கேட்டு அழைக்கும்போது, அதன் நல்ல பிரதி யாரோ ஒருவர் வீட்டு அட்டைப்பெட்டியில்தான் இருக்கும். அதற்கும் மேலே, தாத்தா பாடிய தேவாரம், அக்காவின் அரங்கேற்றம், கோயில் கச்சேரி, கல்யாண நாதஸ்வரம். இவற்றுக்கு உலகத்தில் இருப்பதே ஒரு பிரதிதான்.

கடையில் வாங்கிய சிடி பல ஆண்டு தாங்கும். வீட்டில் எழுதிய சிடி-ஆர் அப்படியல்ல. அதன் சாயம் மங்கும், நம் ஊர் வெக்கையும் ஈரமும் அதை விரைவுபடுத்தும். செய்ய வேண்டியது பெரிய வேலை இல்லை:

- யூஎஸ்பியில் இணைக்கும் சிடி டிரைவ் ஒன்று வாங்குங்கள். வீட்டில் எழுதிய வட்டுகளிலிருந்து தொடங்குங்கள்.
- எம்பி3 வேண்டாம். ஃபிளாக் வடிவில் சேமியுங்கள். அதில் ஒரு துளியும் குறையாது.
- கேசட் என்றால், ஓடும் நிலையில் உள்ள டெக் ஒன்றைத் தேடி, சத்தத்தை மிகையாக ஏற்றாமல் பதிவு செய்யுங்கள்.
- பாடியவர், இடம், ஆண்டு ஆகியவற்றைக் கோப்பின் பெயரிலேயே எழுதுங்கள். இதைச் சொல்லக்கூடிய பெரியவர்கள் வீட்டில் இருக்கும்போதே கேட்டுக்கொள்ளுங்கள்.
- இரண்டு நகல் எடுத்து இரண்டு வீட்டில் வையுங்கள்.

தீபாவளிக்கு வீட்டைத் துப்புரவு செய்யும்போது முதலில் குப்பைக்குப் போவது அந்தச் சிடிப் பெட்டிதான். இந்த முறை தூக்கிப் போடுவதற்கு முன் ஒருமுறை திறந்து, மூடியில் கையால் எழுதியிருக்கும் பெயர்களைப் படித்துப் பாருங்கள்.