அளவெண்ணும் அளக்கப்படும் பொருளும்: கட்டட வரைபட மென்பொருளில் அளவுக்கோடு திருத்தல் பற்றிய சில குறிப்புகள்

இலக்கியத்தின் சமூக அடிப்படைகளை ஆராயும் நாம் கட்டட வரைபடம் பற்றி எழுதப் புகுந்தமை சிலருக்கு வியப்பளிக்கலாம். ஆயின் வரைபடமும் ஒரு பனுவலே என்பதை முதற்கண் நினைவிற் கொள்ளல் வேண்டும். ஒருவர் அதனை எழுதுகின்றார். அவர் பெரும்பாலும் கண்டிராத வேறொருவர் அதனை வாசித்து, அவ்வாசிப்பின்படி அத்திவாரம் வெட்டிச் சுவரெழுப்புகின்றார். கவிதையொன்றைப் பிழையாக வாசித்தவர் மீண்டும் வாசிக்கலாம். சுவரைப் பிழையாகக் கட்டிய மேசன் அதனை இடிக்கவேண்டியுள்ளது. இடித்த நாளுக்குரிய கூலி யாருடைய கையிலிருந்து கழிகின்றது என்பதும் ஒரு வினாவாகின்றது. இப்பனுவலில் ஆணையாக அமைந்த சொற்கள் அளவெண்களே. அவற்றை இன்று கணினியில் எவ்வாறு திருத்துகின்றனர், அத்திருத்தத்தால் யாது நிகழ்கின்றது என்பனவே இக்கட்டுரையிற் கவனிக்கப்படுகின்றன.

அளவுக்கோடு என நாம் பொதுவாகக் கூறுவது பல உறுப்புக்கள் கூடியதொன்று. அளக்கப்படும் பொருளின் இரு எல்லைகளிலிருந்தும் புறப்படும் நீட்டற் கோடுகள், அவற்றை இணைக்கும் அளவுக்கோடு, அதன் முனைகளில் அமையும் அம்புமுனை அல்லது சாய்குறி, கோட்டின்மீது எழுதப்படும் எண் என்பன அவ்வுறுப்புக்கள். கையால் வரைந்த காலத்தில் இவ்வெண் படவரைஞரின் வாக்குறுதியாகவே இருந்தது. தாள் ஈரத்தில் விரியும், உலரச் சுருங்கும். 1842இல் ஜோன் ஹேர்ஷல் கண்டுபிடித்த முறையில் அமைந்த நீலப்படியோ நீரிற் கழுவியே எடுக்கப்பட்டது. ஆகவே, படத்தின்மீது அளவுகோல் வைத்து அளக்கலாகாது, எழுதிய அளவையே கொள்ளல் வேண்டும் என்னும் குறிப்பு வரைபடங்களின் ஓரத்தில் இடம்பெறலாயிற்று; இன்றும் இடம்பெறுகின்றது. கோட்டுக்கும் எண்ணுக்கும் முரண் நேரின் எண்ணே வெல்லும் என்பது இதன் பொருள்.

இத்தகைய முரண் நேர்வதைப் பழைய வரைஞர் அறியாதவரல்லர். சுவரின் நீளத்தை மாற்றும்படி கட்டளை வந்து, படம் முழுவதையும் மறுபடி வரைய நேரமில்லாதபோது, அவர் எண்ணை மட்டும் மாற்றுவதுண்டு. ஆயின் அவ்வாறு மாற்றிய எண்ணின் கீழ் ஒரு கோடிடும் மரபு இருந்தது. இவ்வெண் படத்தின் அளவுவிகிதத்துக்கு ஒத்ததன்று என்பதை அக்கோடு அறிவித்தது. ஐ.எஸ்.ஓ. 129 என்னும் சர்வதேச நியமத்திலும் இவ்வழக்கு இடம்பெற்றுள்ளது. வேலைத்தலத்தில் நிற்பவரிடம், இங்கு ஒரு திருத்தம் உண்டு, கவனிக்கவும் என்று வரைஞர் நேர்மையுடன் கூறிய சொல்லாகவே இச்சிறு கோட்டை நாம் மதிக்கின்றோம்.

கணினி வந்தபின் எண்ணின் தன்மை மாறிற்று. 1963இல் ஐவன் சதர்லண்ட் மாசாசுசெட்ஸ் தொழினுட்ப நிறுவகத்துக்கு அளித்த ஸ்கெச்பாட் என்னும் ஆய்விலேயே, கோடுகளுக்கிடையிலான உறவுகளை இயந்திரம் நினைவில் வைத்துப் பேணுதல் கைகூடியிருந்தது. 1982இல் கலிபோர்ணியாவில் தோன்றிய ஓட்டோடெஸ்க் நிறுவனத்தின் ஓட்டோகாட் வரைதலைச் சிறு கணினிகளுக்குக் கொண்டுவந்தது. அம்மென்பொருளில் அளவெண்ணை வரைஞர் எழுதுவதில்லை. அவர் இரு புள்ளிகளைச் சுட்டுகின்றார். இயந்திரம் இடைத்தூரத்தை அளந்து எண்ணைத் தானே இடுகின்றது. அப்புள்ளிகள் 'டெஃப்பொயின்ட்ஸ்' எனப்படும், அச்சில் வாராத, ஓர் அடுக்கில் வைக்கப்படுகின்றன. ஓட்டோகாட் 2002 என்னும் பதிப்பிலிருந்து அளவு, அளக்கப்படும் பொருளோடு நேரடியாகப் பிணைக்கப்படலாயிற்று: சுவர்க்கோட்டை நீட்டினால் எண்ணும் உடன் மாறும். 'டிம்அசோக்' என்னும் அமைப்பின் பெறுமானம் 2 ஆயின் இப்பிணைப்பு உண்டு. 1 ஆயின் அளவு தன் புள்ளிகளை மட்டும் அறியும், பொருளை அறியாது. 0 ஆயின் அளவு என ஒன்றில்லை, வெறுங்கோடுகளும் எழுத்துக்களுமே எஞ்சும்.

எனவே திருத்தம் இருவகைப்படுகின்றது. விமர்சனத் துறையில் நாம் நீண்டகாலம் விவாதித்துவந்த உருவம், உள்ளடக்கம் என்னும் பிரிவினை இங்கு எதிர்பாராத தெளிவுடன் தோன்றுகின்றது. எண் மற்றொரு கோட்டின்மேல் விழுந்து வாசிக்க இயலாதிருப்பின் அதன் பிடிப்புள்ளியைப் பற்றி இழுத்து நகர்த்தலாம். 'டிம்டெடிட்' கட்டளையால் இடமோ வலமோ தள்ளலாம். 'டிம்எடிட்' கட்டளையால் நீட்டற் கோடுகளைச் சாய்க்கலாம். எழுத்தின் உயரம், முனைக்குறி, தசமத் தானங்கள் முதலியன 'அளவுப் பாணி' என்பதனால் ஆளப்படுகின்றன. பாணியை ஒருமுறை திருத்தின் அதனைச் சார்ந்த அளவுகள் யாவும் திருந்தும். இவையெல்லாம் உருவத் திருத்தங்கள். இவற்றால் எவருக்குந் தீங்கில்லை. ஒன்று மட்டும் விலக்கு. அளவுக்கோட்டை 'எக்ஸ்ப்ளோட்' செய்து துண்டாக்கிப் பின் துண்டுகளை நகர்த்துவது சிலர் பழகிய குறுக்குவழி. அக்கணமே எண் இயந்திரத்தின் அளவாயிருத்தல் ஒழிந்து வெறும் எழுத்தாகின்றது. பின்னர் சுவர் மாறினாலும் அது மாறாது.

உள்ளடக்கத் திருத்தமே சிக்கலானது. சரியான முறை பொருளைத் திருத்துவது. எண் தானே பின்தொடரும். ஆயின் மென்பொருள் வேறொரு வாயிலையுந் திறந்து வைத்திருக்கின்றது. எண்ணின்மீது இருமுறை சொடுக்கி, அளந்த எண்ணை அழித்து, விரும்பிய எண்ணை எழுதிவிடலாம். ஓர் உதாரணங் கொள்வோம். 4200 மில்லிமீற்றர் நீளமான சுவரொன்றில் 1200, 900, 2100 என மூன்று அளவுகள் தொடராக உள்ளன. நடுவிலுள்ள 900 கதவுக்குரியது. மறுநாட் காலையில் அச்சிடவேண்டிய நிலையில், அறையை 150 மில்லிமீற்றர் நீட்டும்படி பணிப்பு வருகின்றது. வரைஞர் 2100ஐ 2250 என்றும், 4200ஐ 4350 என்றும் மேலெழுதிவிடுகின்றார். கூட்டிப் பார்ப்பவருக்குக் கணக்குச் சரி. படமோ பழைய படமே. அறையின் அகலம் 3600 எனின், மென்பொருள் கணிக்கும் தளப்பரப்பு 0.54 சதுர மீற்றர் குறைவாக நிற்கும். கல், சீமெந்து, ஓடு ஆகியவற்றின் தொகையைப் படத்திலிருந்து கணிப்பவர் பழைய சுவருக்கே கணிப்பார். அடுத்த அறையின் அளவுகள் பழைய சுவரிலிருந்தே தொடங்கும். கூரைப் படத்தை வேறொருவர் இதே கோட்டின்மீது வரைந்திருப்பார். மேசன் மட்டும் எழுதிய எண்ணை நம்பி 4350 அளந்து நூல் கட்டுவார். எண்ணே வெல்லும் என்பதல்லவா அவருக்கு இடப்பட்ட விதி? கூரை ஏறும் நாளில் அரையடி குறையும்போது முதலில் விசாரிக்கப்படுபவரும் அவரே.

பழைய வரைஞர் இட்ட அடிக்கோடு இங்கில்லை என்பதைக் கவனித்தல் வேண்டும். அச்சான தாளில், இயந்திரம் அளந்த எண்ணும் மனிதர் மேலெழுதிய எண்ணும் ஒரே முகத்துடன் நிற்கின்றன. அளவின் இயல்புகளைக் காட்டும் பலகத்தில் 'மேலெழுத்து' என்னும் கட்டத்தைப் பார்ப்பவருக்கே உண்மை புலப்படும். அதனை வெறுமையாக்கின் உண்மையளவு மீளும். வேலைத்தலத்தில் தாளுடன் நிற்பவருக்கு அப்பலகம் எட்டாதது. நமது பதிப்பு வரலாற்றில் இதற்கு ஒப்பான பிரச்சினை ஒன்றுண்டு. 1887இல் சீவகசிந்தாமணியைப் பதிப்பித்த உ. வே. சாமிநாதையர் முதலானோர் ஏட்டுப் பாடத்தையும் பாடபேதத்தையும் பிரித்துக் காட்டும் நெறியை வளர்த்தனர். ஏட்டிலுள்ளதை மறைத்துத் தாம் சரியெனக் கருதியதை எழுதிவிடும் பதிப்பாசிரியரைப் பற்றி நாம் கொண்டுள்ள கருத்து யாவரும் அறிந்ததே. இதனால் மேலெழுத்து முற்றாக ஆகாதது என்பது நமது கருத்தன்று. திறப்புக் கோணக்குறியும் மூடற் கோணக்குறியும் அடுத்தடுத்து இடின் அவை அளந்த எண்ணைக் குறிக்கும். அதன்பின் 'குறைந்தபட்சம்' என்றோ 'பூச்சு நீங்கலாக' என்றோ எழுதலாம். எண் உயிருடன் இருக்க, உரை அருகில் நிற்கும்.

அவ்வாறாயின் வரைஞர் ஏன் மேலெழுதுகின்றார்? சோம்பல் என்று கூறுவது எளிது. முதலாளித்துவ உற்பத்தியில் எண்ணுதலும் செய்தலும் பிரிக்கப்பட்ட வரலாற்றை நோக்காது இதற்கு விடை காண்டல் அரிது. 'மூலதனம்' முதலாந் தொகுதியில் மாக்ஸ் கட்டடக் கலைஞரையும் தேனீயையும் ஒப்பிட்ட பகுதி பலரும் அறிந்தது. ஹரி பிறேவர்மன் 1974இல் இப்பிரிவினையை விரிவாக ஆராய்ந்தார். லூக்காஸ் ஏரோஸ்பேஸ் நிறுவனத்தில் வடிவமைப்புப் பொறியியலாளராக இருந்த மைக் கூலி, மாக்ஸின் அவ்வொப்புமையையே தலைப்பாக்கி 1980இல் ஒரு நூல் வெளியிட்டார். கணினியால் வரைதல் வந்தபோது வரைபவரின் வேகம் இயந்திரத்தின் வேகத்துக்கு இழுக்கப்பட்டதையும், விலையுயர்ந்த இயந்திரம் சும்மா இருக்கலாகாது என்பதற்காக முறைவேலை புகுத்தப்பட்டதையும் அவர் உள்ளிருந்து கண்டு எழுதினார். அவ்வியந்திரங்கள் இன்று மலிந்துவிட்டன, அவசரம் மலியவில்லை. சுவரை நகர்த்தின் கதவு, கூரை, அடுத்த அறை, வெட்டுமுகம் யாவற்றையும் நகர்த்தவேண்டும். அது ஓர் இரவு வேலை. மேலெழுத்து ஒரு நிமிட வேலை. மீதமான உழைப்பு எங்கோ மறைந்துவிடுவதில்லை. அது அலுவலகத்திலிருந்து வேலைத்தலத்துக்கு, சம்பளம் பெறுபவரிடமிருந்து நாட்கூலி பெறுபவரிடம், கைமாறுகின்றது.

2002இல் ஓட்டோடெஸ்க் நிறுவனத்தின் கைக்கு வந்த ரெவிட் என்னும் மென்பொருள் இவ்வுறவைத் தலைகீழாக்கியது. அதிற் சுவரைத் தெரிந்தெடுத்து அளவெண்ணை மாற்றினால் சுவரே நகரும். ஏனைய படங்களிலும் அதே மாற்றம் தோன்றும். அளவெண்ணுக்குப் பதிலாகச் சொல் எழுத விடும் அம்மென்பொருள், முன்னைய பதிப்புகளில், வேறோர் எண்ணை எழுத முற்படின் மறுத்துவந்தது. பொய்யெண்ணைத் தடுத்த அவ்விதியை நாம் வரவேற்றோம். ஆயின் கண்ணுக்குப் புலப்படாத எழுத்தொன்றை எண்ணோடு சேர்த்தால் இயந்திரம் அதனைச் சொல்லெனக் கருதி ஏற்றுக்கொள்ளும் என்பதை வரைஞர்கள் விரைவிற் கண்டுகொண்டனர். அந்த உபாயம் ஒருவரிடமிருந்து ஒருவருக்குச் சொல்லப்பட்டுப் பரவிற்று. காலையில் அச்சிடவேண்டும் என்னும் பணிப்பு அவர்கள் மேசைகளுக்கு முன்போலவே வந்துகொண்டிருந்தது.