கைப்பேசி வைத்தியமும் கணவன் மனைவி நலமும்



ஒரு காலத்தில் பஸ் ஸ்டாண்டு சுவரில் 'இரகசிய வியாதியா? லாட்ஜுக்கு வாருங்கள்' என்று நோட்டீஸ் ஒட்டியிருக்கும். இன்று அதே ஆள் கைப்பேசிக்குள் வந்து உட்கார்ந்திருக்கிறார். நம் வீட்டு இளவட்டங்கள் அவர் பேச்சை நம்பி ஏமாறுவது எப்படி என்று பாருங்கள்.

கல்யாணமாகி ஒரு வருஷமான ஒரு பையன் என்று வைத்துக்கொள்வோம். பிறப்புறுப்பில் ஒரு புண். வலியில்லை. சொல்ல வெட்கம். வீடியோவில் பார்த்த லேகியத்தைத் தபாலில் வரவழைத்தான். சில வாரத்தில் புண் ஆறியது. "மருந்து நல்லாக் கேக்குது" என்று சந்தோஷப்பட்டான்.

உண்மை என்ன? அது சிபிலிஸ் என்ற மேகநோயாக இருந்தால், மருந்தே இல்லாமல் 3 முதல் 6 வாரத்தில் புண் தானாக ஆறிவிடும். ஆனால் கிருமி உடம்பை விட்டுப் போகாது. மனைவிக்கும் தொற்றும். அவள் முழுகாமல் இருந்தால் கரு கலையலாம். குழந்தை இறந்தும் பிறக்கலாம். இத்தனைக்கும் இந்த நோய் பென்சிலின் ஊசியில் குணமாகக்கூடியது! கணவன் மனைவி இருவரும் சிகிச்சை பெற வேண்டும். "உன்னால வந்துச்சா, என்னால வந்துச்சா" என்ற சண்டை அப்புறம், ஊசி முதலில்.

அப்படியானால் கைப்பேசியே ஆகாதா? அப்படியில்லை. நல்லபடியாகப் பயன்படுத்தலாம்.

1. தமிழ்நாட்டில் 104-க்குப் போன் செய்து சந்தேகம் கேட்கலாம். எச்.ஐ.வி. பற்றிக் கேட்க 1097. இரண்டும் இலவசம்.

2. 2019-இல் மத்திய அரசு தொடங்கிய இ-சஞ்சீவனி மூலம் வீட்டிலிருந்தே டாக்டரிடம் பேசலாம்.

3. மாலா-என் மாத்திரையைத் தினமும் ஒரே நேரத்தில் சாப்பிட அலாரம் வையுங்கள். அந்தரா ஊசி 3 மாதத்துக்கு ஒரு முறை. அந்தத் தேதியையும் குறித்து வையுங்கள்.

4. மாதவிலக்கைக் குறித்து வைக்கும் செயலி நாள் தெரிந்துகொள்ள உதவும். ஆனால் அது போன மாதங்களை வைத்துப் போடும் கணக்குதான். தூரம் தள்ளித் தள்ளி வருகிறவர்கள் 'பாதுகாப்பான நாள்' என்று அதை நம்பினால் ஏமாந்து போவார்கள். நிரோத் கர்ப்பத்தையும் தடுக்கும், நோய் தொற்றாமலும் காக்கும்.

எதை நம்பக்கூடாது? கடைசியில் மருந்து விற்கும் வீடியோவை நம்பாதீர்கள். 'ஏழே நாளில் கியாரண்டி' என்றால் ஒதுக்குங்கள். முகம் தெரியாத ஆளுக்கு உடம்பைப் படம் எடுத்து அனுப்பவே வேண்டாம்.

ஒன்றை மறக்காதீர்கள். கைப்பேசி வழி சொல்லும். இரத்தம் எடுத்துப் பார்க்காது, ஊசி போடாது. அதற்கு ஆரம்ப சுகாதார நிலையம் இருக்கிறது. அரசு மருத்துவமனை நம்பிக்கை மையத்தில் எச்.ஐ.வி. சோதனை இலவசம். முடிவை உங்கள் சம்மதமில்லாமல் பிறரிடம் சொல்லக்கூடாது என்பது 2017-ஆம் வருஷச் சட்டம்.

பெற்றோருக்கு ஒரு வார்த்தை: வயசுப் பிள்ளை சந்தேகம் கேட்டால் அதட்டாதீர்கள். நீங்கள் வாயை அடைத்தால், அது அந்த லேகியக்காரரிடம்தான் போய்க் கேட்கும். தெரியாவிட்டால், "வா, நர்ஸம்மாகிட்டப் போய்க் கேப்போம்" என்று சொல்லுங்கள். அது போதும்.

வெட்கம் நோயை வளர்க்கும்; விசாரித்தால் குடும்பம் தழைக்கும்!