பெண் முயற்சியாளருக்கான இணையவழிப் பயிற்சியும் பயிற்றுநரின் பணியும்

கல்முனைக்கு மேற்கே வயல்சூழ்ந்த சவளக்கடை முதல் கரையோர மருதமுனை வரை, பெண்களின் உழைப்பு புதிதாகத் தோன்றியதொன்றன்று. நெசவுக்கு நூல் சுற்றுதல், பன்பாய் இழைத்தல், இடியப்பம் அவித்து விற்றல் என அது வீட்டு எல்லைக்குள் நெடுங்காலம் நிகழ்ந்து வந்துள்ளது. அவ்வுழைப்பு தொழிலெனக் கணிக்கப்படாமையே பிரச்சினை. 2020ஆம் ஆண்டின் கொள்ளைநோய்க்குப் பின் பரவலாகிய இணையவழிப் பயிற்சிகளை இப்பின்னணியிலேயே நோக்குதல் வேண்டும்.

பேராதனைப் பல்கலைக்கழகப் பொருளியலாளர் சுரேஷ் டி மெல், டேவிட் மக்கென்சி, கிறிஸ்தோபர் வுட்றவ் ஆகியோர் 2014இல் வெளியிட்ட ஆய்வு இங்கு கவனத்திற்குரியது. சர்வதேசத் தொழில் அமைப்பின் பாடநெறி இலங்கைப் பெண்களுக்கு வகுப்பறையிலே போதிக்கப்பட்டது. ஏலவே தொழில் நடத்தியோரின் நடைமுறைகள் ஓரளவு திருந்தின. பயிற்சியால் மட்டும் இலாபம் உயரவில்லை. பணக்கொடையும் பெற்றோருக்கு உயர்ந்த இலாபம் இரண்டாம் ஆண்டில் மறைந்தது. புதிதாகத் தொடங்கியோரே கூடிய பயனடைந்தனர்.

நேரடி வகுப்பின் நிலையே இதுவாயின், திரையில் ஓடும் பாடம் தனித்து என்ன செய்யும்? எம்.ஐ.டி., ஹாவாட் ஆகியவற்றின் திறந்த இணையப் பாடநெறிகளில் 2017-18இல் சேர்ந்தோருள் அவற்றை முடித்தோர் நூற்றுக்கு நால்வரினும் குறைவு.

பயிற்றுநரின் தேவை இங்குதான் எழுகின்றது. அவர் பாடம் சொல்பவரல்லர். பாடம் முன்பே பதிவாகிவிட்டது. பன்பாய் இழைக்கும் பெண்ணொருத்தியை எடுத்துக்கொள்வோம். பன்னுக்கும் சாயத்துக்கும் கொடுத்த பணத்தை விற்ற விலையிற் கழித்து, எஞ்சியதை இலாபம் என எழுதுகிறாள். இழைத்த நாட்களும், உடனிருந்து உதவிய மகளின் உழைப்பும் கணக்கில் இல்லை. பதிவுசெய்யப்பட்ட பாடம் இதனைக் காணாது. வட்ஸ்அப்பில் அவள் அனுப்பிய கொப்பித்தாளை வாசிக்கும் பயிற்றுநரே, "ராத்தா, இதில உங்கட கூலி எங்க?" எனக் கேட்க இயலும். அக்கேள்வி விலையை மாற்றலாம். அத்தொழிலையே கைவிடவும் செய்யலாம். பின்னையதும் பயிற்சியின் பயனே என்பது என் கருத்து.

பதில் வராத கிழமையையும் அவர் வாசிக்கத் தெரிந்திருத்தல் வேண்டும். கைப்பேசி மகனின் கையில் இருந்திருக்கலாம்; அறுவடைக் காலமாகவும் இருக்கலாம். எழுதத் தயங்குபவள் குரற்பதிவில் தன் ஊர்ப்பேச்சிலேயே தெளிவாக விளக்குவாள். (அதனைக் கேட்டு விளங்காதவர் எத்துணைப் பட்டம் பெற்றிருப்பினும் பயனில்லை.)

இவ்வாறு தனித்தனியே வாசிப்பதற்கு நேரம் வேண்டும். நேரத்துக்கு ஊதியம் வேண்டும். சான்றிதழ்களின் தொகையை மட்டும் எண்ணும் திட்டத்தில் இச்செலவே முதலில் வெட்டுப்படக்கூடியது. 1969இல் நிறுவப்பட்ட பிரித்தானியத் திறந்த பல்கலைக்கழகம், வானொலி, தொலைக்காட்சிப் பாடங்களோடு அமையாது, மாணவரின் எழுத்து வேலைகளைத் திருத்திக் குறிப்பெழுதும் பயிற்றுநர்களைத் தொடக்கத்திலேயே ஊதியம் கொடுத்து நியமித்தது.