இரண்டாவது மணி வரை பொறுங்கள்

கும்பகோணத்தில் இருக்கும் பெரியம்மாவுக்குக் காலர் ஐடி உள்ள லேண்ட்லைன் போன் ஒன்று வாங்கிக் கொடுத்தோம். ஒயர் வைத்ததுதான் வேண்டும் என்று சொல்லிவிட்டார். கார்ட்லெஸ் என்றால் ரிசீவரை எங்கோ வைத்துவிட்டு வீடு முழுக்கத் தேட வேண்டியிருக்கிறதாம். பத்து நாள் கழித்துக் கூப்பிட்டார். "ஏம்ப்பா, நம்பரே வரமாட்டேங்குது. கடைக்காரன் உன்னை நல்லா ஏமாத்திட்டான்."

நேரில் போய்ப் பார்த்தேன். போனில் ஒரு பழுதும் இல்லை. மணி அடித்த மறுநொடி ரிசீவரைத் தூக்கிவிடுவது பெரியம்மாவின் நாற்பது வருடப் பழக்கம். கோளாறு அங்கேதான் இருந்தது.

அழைப்பவரின் எண் நம் போனுக்கு இரண்டு வழிகளில் வந்து சேரும். ஒன்று எஃப்.எஸ்.கே. முறை. பழைய மோடம் கத்துவதுபோல ஒரு சின்னக் கீச்சொலியாக, பெரும்பாலும் முதல் மணிக்கும் இரண்டாவது மணிக்கும் நடுவில் உள்ள இடைவெளியில் எண் வந்திறங்கும். அதற்குள் ரிசீவரைத் தூக்கினால் எண் பாதி வழியில் அறுந்துபோகும். இன்னொன்று டி.டி.எம்.எஃப். முறை. பொத்தான்களை அழுத்தும்போது கேட்கும் அதே 'பீப்' ஒலிகளால் எண்ணைச் சொல்லும். இது முதல் மணிக்கு முன்பே வந்துவிடுவதுண்டு. நம் ஊரில் விற்கும் போன்கள் பொதுவாக இரண்டையும் புரிந்துகொள்ளும். பரணிலிருந்து இறக்கிய பழைய போனோ வெளிநாட்டிலிருந்து மாமா கொண்டுவந்ததோ புரிந்துகொள்ளாமல் போகலாம்.

இதில் பலருக்கும் தெரியாத ஒரு நுணுக்கம் உண்டு. எஃப்.எஸ்.கே. முறை எண்ணோடு தேதியையும் நேரத்தையும் சேர்த்தே அனுப்பும். டி.டி.எம்.எஃப். வெறும் எண்ணை மட்டும் தரும்; பட்டியலில் தெரிகிற நேரம் உங்கள் போனின் சொந்தக் கடிகாரம் சொல்வது. அந்தக் கடிகாரம் தப்பாக ஓடினால், நாளைக்குக் காவல் நிலையத்திலோ வங்கியிலோ "இத்தனை மணிக்கு இந்த எண்ணிலிருந்து வந்தது" என்று நீங்கள் காட்டும் பட்டியல் உங்களுக்கே எதிராகத் திரும்பும். ஆகவே போனை மாட்டியதும் முதலில் மணியையும் தேதியையும் சரிசெய்யுங்கள். சில மாடல்களில் இவற்றையும் எண் பட்டியலையும் காப்பது அடியில் போடும் பேட்டரிதான். அது தீர்ந்தால் பட்டியலும் போய்விடும். வருடத்துக்கு ஒருமுறை மாற்றிவிடுவது நல்லது.

மாட்டுவது பெரிய வித்தை இல்லை. சுவரில் இருக்கும் ரோசெட் என்ற சின்னப் பெட்டியிலிருந்து தட்டை ஒயர் போனின் 'லைன்' துளைக்குப் போக வேண்டும். சுருள் ஒயர் ரிசீவருக்கு. அதே செம்புக் கம்பியில் பிராட்பேண்டும் வந்தால் நடுவில் ஸ்ப்ளிட்டர் வேண்டும், இல்லாவிட்டால் பேச்சில் இரைச்சல் இருக்கும். போனின் பக்கவாட்டில் 'பல்ஸ், டோன்' என்று ஒரு சுவிட்ச் இருந்தால் டோனில் வையுங்கள். பல்ஸில் இருந்தால் "தமிழுக்கு ஒன்றை அழுத்தவும்" என்கிற குரலுக்கு நீங்கள் எத்தனை முறை அழுத்தினாலும் அது கேட்காது. எல்லாம் சரியாக இருந்தும் எண் வரவில்லை என்றால், எக்ஸ்சேஞ்சில் உங்கள் இணைப்புக்கு அந்த வசதி திறக்கப்படாமல் இருக்கலாம். வாடிக்கையாளர் சேவையில் சொன்னால் திறந்துவிடுவார்கள்.

ரோசெட் பெட்டியை நீங்களே திறப்பதாக இருந்தால் ஈரக்கை வேண்டாம். சும்மா இருக்கும்போது அந்தக் கம்பியில் 48 வோல்ட்தான். ஆனால் மணி அடிக்கும் நேரத்தில் 75 வோல்ட்டுக்கு மேல் மாறுமின்னழுத்தம் ஓடும். உயிருக்கு ஆபத்து என்று சொல்ல மாட்டேன், ஸ்டூலிலிருந்து விழவைக்க அது போதும். இடி மின்னல் சமயத்தில் ஒயர் போனில் பேசவே கூடாது. வெளியே கம்பத்திலிருந்து வரும் கம்பி நேராக உங்கள் காதில் முடிகிறது என்பதை ஐப்பசி, கார்த்திகையில் நினைவில் வையுங்கள்.

செம்புக் கம்பி இணைப்புக்கு இன்னொரு பெருமை இருந்தது: மின்வெட்டிலும் பேசலாம், ஏனென்றால் மின்சாரம் எக்ஸ்சேஞ்சிலிருந்தே வருகிறது. இப்போது பல ஊர்களில் கம்பியைக் கழற்றிவிட்டு ஃபைபர் கொடுக்கிறார்கள். ஃபைபர் வழியாக மின்சாரம் வராது. வீட்டில் கரண்ட் போனால் ஃபைபர் வந்து சேரும் பெட்டி அணையும், போனும் செத்துவிடும். தனியாக இருக்கும் முதியவர்கள் 108க்கோ 112க்கோ அடிக்க இந்த போனையே நம்பியிருந்தால், அந்தப் பெட்டிக்கு ஒரு சின்ன யூ.பி.எஸ். வாங்கி வைப்பது போன் வாங்குவதைவிட முக்கியம்.

வாங்கும்போது பில் கேளுங்கள். 2019 அக்டோபர் 1 முதல் இத்தகைய தொலைபேசிக் கருவிகளுக்கு மத்திய தொலைத்தொடர்புத் துறையின் டி.இ.சி. சான்று கட்டாயம். பெட்டியில் தயாரிப்பாளர் அல்லது இறக்குமதியாளர் முகவரியும் விலையும் இல்லாத சரக்கை, எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் தொடாதீர்கள். பழுதானால் யார் வாசலில் போய் நிற்பீர்கள்?

2021 ஜனவரி 15 முதல் லேண்ட்லைனிலிருந்து மொபைலுக்கு அடிக்க முன்னால் பூஜ்யம் சேர்க்க வேண்டும். ஆனால் காலர் ஐடி பட்டியலில் பத்து இலக்கம் மட்டுமே பதிவாகியிருக்கும் போன்கள் உண்டு. அதில் பார்த்துத் திரும்ப அழைத்தால் போகாது. "பேரன் போனே எடுக்கமாட்டேன்கிறான்" என்று வரும் வருத்தங்களில் பாதி இந்தப் பூஜ்யத்தால்தான்.

இனி சொல்லப்போவதுதான் இந்தக் கட்டுரைக்குக் காரணம். திரையில் தெரிவது ஓர் எண். அந்த எண் எங்கிருந்தோ அனுப்பப்பட்டு வருகிறது. உங்கள் போன் அதைச் சரிபார்ப்பதில்லை, வந்ததை அப்படியே காட்டுகிறது. கடித உறையின் பின்பக்கம் 'அனுப்புநர்' என்று யார் வேண்டுமானாலும் எதை வேண்டுமானாலும் எழுதலாம் அல்லவா, அதுபோல. வெளிநாட்டிலிருந்து இணையம் வழியே வரும் அழைப்பில் இந்திய எண் தெரியும்படி செய்வது மோசடிக்காரர்களுக்குப் பழகிப்போன வேலை. இதைத் தடுக்க மத்திய அரசு 2024 அக்டோபர் 22 அன்று ஒரு தடுப்பு அமைப்பைத் தொடங்கியது. முதல் 24 மணி நேரத்தில் மட்டும் 1.35 கோடி போலி அழைப்புகள் பிடிபட்டதாக அறிவித்தார்கள். ஒரே நாளில். அழைப்பு எண்ணைத் திரிப்பது 2023ஆம் ஆண்டுத் தொலைத்தொடர்புச் சட்டப்படி குற்றம். மூன்று வருடம் வரை சிறை, 50 லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். ஆனால் எங்கோ கண்காணாத தேசத்தில் உட்கார்ந்து ஏமாற்றுகிறவனுக்கு நம் சட்டப் புத்தகத்தைக் கண்டு என்ன பயம்?

லேண்ட்லைனுக்கு வரும் மோசடி எப்படி இருக்கும்? முதலில் ஒரு பதிவுசெய்த குரல்: "உங்கள் தொலைபேசி இரண்டு மணி நேரத்தில் துண்டிக்கப்படும், விவரத்துக்கு 9ஐ அழுத்தவும்." அழுத்தினால் 'அதிகாரி' வருவார். உங்கள் ஆதாரில் வேறொரு இணைப்பு, அதில் குற்றம், இதோ சி.பி.ஐ.யிடம் மாற்றுகிறேன் என்பார். பிறகு மொபைலில் வீடியோ கால், உங்களை 'டிஜிட்டல் கைது' செய்துவிட்டதாக மிரட்டல். இந்தியச் சட்டத்தில் டிஜிட்டல் கைது என்று ஒன்றே கிடையாது. 2024 அக்டோபர் 27 அன்று பிரதமரே தன் வானொலி உரையில் அதைச் சொல்ல வேண்டிய அளவுக்கு நிலைமை போயிருந்தது. தொலைத்தொடர்புத் துறையோ தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை அமைப்பான டிராயோ உங்கள் இணைப்பைத் துண்டிப்பதாக மிரட்டிப் போன் செய்வதில்லை. 9ஐ அழுத்தாதீர்கள், வைத்துவிடுங்கள்.

வைத்தாலும் ஒரு சூழ்ச்சி உண்டு. மொபைலில் நீங்கள் வைத்தால் அழைப்பு முடிந்தது. லேண்ட்லைனில் அழைக்கப்பட்டவர் வைத்தாலும், அழைத்தவர் வைக்காதவரை சில இணைப்புகளில் லைன் கொஞ்ச நேரம் பிடிபட்டே இருக்கும். மறுமுனையில் இருப்பவன் போலி டயல் டோனை ஒலிக்கவிடுவான். நீங்கள் அதை நம்பி வங்கி எண்ணைச் சுழற்றுவீர்கள். எடுத்துப் பேசுவது அவனேதான். பிரிட்டனில் இப்படிப் பலர் பணம் இழந்த பிறகு அந்தக் காத்திருப்பு நேரத்தை நிறுவனங்கள் வெகுவாகக் குறைத்தன. வங்கியிடம் உறுதிப்படுத்த வேண்டுமென்றால் வேறொரு போனிலிருந்து, பாஸ்புக்கிலோ கார்டின் பின்புறத்திலோ அச்சாகியிருக்கும் எண்ணுக்கு அடியுங்கள்.

உண்மையான வங்கி அழைப்பை எப்படித்தான் அறிவது? வாடிக்கையாளர் சேவை அழைப்புகளுக்கு 1600 என்று தொடங்கும் எண்களையும், விளம்பர அழைப்புகளுக்கு 140 என்று தொடங்குபவற்றையும் பயன்படுத்தும்படி ரிசர்வ் வங்கி 2025 ஜனவரியில் வங்கிகளுக்குச் சொன்னது. நல்ல ஏற்பாடுதான். ஆனாலும் 1600 என்று திரையில் தெரிந்துவிட்டது என்பதற்காக யாரிடமும் ஓ.டி.பி. சொல்லாதீர்கள். அனுப்புநர் முகவரி கதைதான் இங்கும்.

வெளியிலிருந்து வராத ஆபத்தும் ஒன்று உண்டு. வங்கியின் தானியங்கிச் சேவைக்கு அடித்து, கார்டு எண்ணையும் ரகசிய எண்ணையும் பொத்தானில் அழுத்துகிறீர்கள். பல போன்கள் அத்தனை இலக்கங்களையும் 'ரீடயல்' நினைவில் வரிசையாக வைத்துக்கொள்ளும். அடுத்து போனைத் தொடுகிறவர் ஒரு பொத்தானை அழுத்தினால் திரையில் முழுதாக ஓடும். பேசி முடித்ததும் ரிசீவரை எடுத்து வேறு ஏதாவது எண்ணை அழுத்திவிட்டு வையுங்கள். வெளிச்சென்ற அழைப்புப் பட்டியல் இருந்தால் அதையும் அழியுங்கள். பழைய போனை யாருக்காவது கொடுக்கும் முன்பும் இதே வேலை.

பணம் போய்விட்டது என்றால் அழுவதற்கு முன் சைபர் குற்ற உதவி எண் 1930க்கு அடியுங்கள், பிறகு வங்கிக்கு. நிமிடங்கள் முக்கியம், பணம் கணக்கு விட்டுக் கணக்கு தாவும் முன் நிறுத்திவைக்க முடியும். ரிசர்வ் வங்கியின் 2017 ஜூலை 6 சுற்றறிக்கையின்படி, உங்கள் தவறும் வங்கியின் தவறும் இல்லாமல் மூன்றாம் ஆளால் பணம் போயிருந்தால், வங்கித் தகவல் வந்த மூன்று வேலை நாட்களுக்குள் சொல்லிவிட்டால் இழப்பு உங்களைச் சேராது. நீங்களே ஓ.டி.பி. சொல்லியிருந்தால், புகார் செய்யும் நொடி வரைக்குமான இழப்பு உங்களுடையது. அதற்குப் பிறகு போகும் பணத்துக்கு வங்கி பொறுப்பு. வெட்கப்பட்டு ஒரு நாள் மறைத்துவைத்தால் அந்த ஒரு நாள் உங்கள் கணக்கில்தான் எழுதப்படும்.

பணம் போகவில்லை, மோசடி முயற்சி மட்டும்தான் என்றால் தொலைத்தொடர்புத் துறையின் சஞ்சார் சாத்தி இணையதளத்தில் 'சக்ஷு' பகுதியில் பதிவுசெய்யலாம். விளம்பரத் தொல்லைக்கு 1909. 2025இல் மாறிய விதிப்படி அழைப்பு வந்த ஏழு நாட்களுக்குள் சொன்னால் போதும். பெயர் சொல்லாமல் மிரட்டுவது, பெண்களிடம் ஆபாசமாகப் பேசுவது எல்லாம் பாரதிய நியாய சன்ஹிதாவின்படி குற்றம். காவல் நிலையத்துக்குப் போகும் முன் காலர் ஐடி பட்டியலை அழிக்காமல் மொபைலில் படமெடுத்துக்கொள்ளுங்கள். திரையில் 'பிரைவேட்' என்று வந்தாலும் பின்வாங்க வேண்டாம், நேரத்தைக் குறித்துக்கொடுங்கள். நிறுவனத்தின் பதிவேட்டிலிருந்து காவல்துறை மேலும் தேடிப் பார்க்க முடியும். கடிகாரத்தைச் சரிசெய்யச் சொன்னது இதற்காகத்தான்.

இணைப்பே பழுதாகிக் கிடந்தால்? வாய்வார்த்தையாக லைன்மேனிடம் சொன்னது புகார் ஆகாது. சேவை எண்ணில் பதிவுசெய்து, புகார் எண்ணை வாங்கிக் காலண்டரில் எழுதுங்கள். 2024 அக்டோபர் முதல் நடைமுறையில் உள்ள டிராய் தர விதிகளின்படி, லேண்ட்லைன் பழுது மூன்று நாளுக்கு மேல் நீடித்தால் வாடிக்கையாளருக்கு ஈடு தர வேண்டும். கேட்காமல் கிடைக்கும் என்று எதிர்பார்க்காமல் பில்லைப் பாருங்கள். தீர்வு இல்லையென்றால் 30 நாட்களுக்குள் அதே நிறுவனத்தின் மேல்முறையீட்டு அதிகாரியிடம் இலவசமாகப் போகலாம். அவர் 39 நாட்களுக்குள் முடிவு சொல்ல வேண்டும். டிராய்க்கு நேராக எழுதிப் பயனில்லை, தனிநபர் புகார்களை அது விசாரிப்பதில்லை.

தொலைபேசித் தகராறு என்றால் நுகர்வோர் மன்றம் எடுக்காது என்று இன்னமும் சிலர் சொல்கிறார்கள். 2009இல் வந்த ஒரு தீர்ப்பால் பரவிய எண்ணம் அது. 2022 பிப்ரவரி 16 அன்று உச்ச நீதிமன்றம், தொலைத்தொடர்புச் சேவைக் குறைபாடுகளையும் நுகர்வோர் ஆணையங்கள் விசாரிக்கலாம் என்று தெளிவாக்கிவிட்டது. நீங்கள் கொடுத்த தொகை ஐந்து லட்சத்துக்குள் என்றால் கட்டணமும் இல்லை. வழி கேட்க நுகர்வோர் உதவி எண் 1915.

பெரியம்மா விஷயத்துக்கு வருகிறேன். இப்போது இரண்டு மணி முழுசாக அடிக்கவிட்டு, மூக்குக்கண்ணாடி போட்டுக்கொண்டு, எண்ணின் கடைசி நான்கு இலக்கங்களை வாய்விட்டுப் படித்த பிறகுதான் எடுக்கிறார். எண் சரியாக இருந்தாலும் நம்பக்கூடாது, குரலைக்கூட இப்போது கணினியில் போலி செய்கிறார்கள், வீட்டு ஆட்களுக்கு மட்டும் தெரிந்த ஒரு கேள்வி கேளுங்கள் என்று நான்தான் சொல்லிக்கொடுத்திருந்தேன்.

போன வாரம் அடித்தேன். "போன தீபாவளிக்கு நீ எடுத்துக்கொடுத்த புடவை என்ன கலர்?" என்றார்.

பச்சை என்றேன். வைத்துவிட்டார்.